வயிற்றை விடுங்க

மகள் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையோடு இசக்கியப்பன் மூன்றாம் தடவையாகக் கடைக்கு வந்து நின்றார். மறுபடியும் வயிற்றருகே பித்தான் தெறித்திருந்தது.

“அளவெடுக்கும்போது வயித்த எக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்ல அண்ணாச்சி?” என்று கத்தினார் டெய்லர் சிலுவைமுத்து.

“எக்காம? ஒம்ம டேப்பு சும்மா கெடக்குமாவே?”

அதுவும் நியாயம்தான். இடுப்பைச் சுற்றியதுமே, டெய்லர்களுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் அந்த டேப் கொழுப்பைக் கணக்கிட்டு, இனிமேல் வரப்போகிற சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் மேலிடத்துக்குச் சொல்லிவிடும். மறுநாளே ரேஷனில் அரிசி நின்று கேழ்வரகு வரும். அதனால் ஊரில் ஒருவர்கூட மூச்சை விட்டு அளவு கொடுப்பதில்லை. எந்தச் சட்டையும் பொருந்துவதில்லை. திட்டு மட்டும் டெய்லருக்கு.

சிலுவைமுத்து ஒரு பாவாடை நாடாவை உருவி எடுத்தார்.

“இது வெறும் நாடா. யார்ட்டயும் போய்ச் சொல்லாது. வயித்த விடுங்க.”

“விட்டுட்டுத்தான நிக்கேன்.”

வயிறு இன்னும் உள்ளேயேதான் இருந்தது.

“விடுங்கன்னா விடுங்க!”

“எப்படிவே விடணும்? மறந்துபோச்சு.”

“இந்தா, இப்படி!” என்று எரிச்சலோடு தன் வயிற்றைத் தளர்த்திக் காட்டினார் சிலுவைமுத்து.

டப்பென்று ஒரு பித்தான் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. அவர் தன்னைத்தானே அளந்து தைத்துக்கொண்ட சட்டை அது.