பழைய துப்பாக்கிக்கு வந்த பித்தளைக் கூடு

அந்தப் பழைய துப்பாக்கிக்கான தோட்டாக்களை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் பட்டறைக்காரர் வேறொரு ரகத் தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூட்டைக் கொண்டுவந்து கழுத்தை ஒடுக்கும் இரும்பு அச்சின் கீழே நிறுத்தினார்.

"ஏங்க்கா, அந்தத் துப்பாக்கிப் பெரியவருக்காக நான் ஏன் மாறணும்?" என்றது கூடு.

"வாயை மூடிக்கிட்டு நில்லுடி. பேசினா கழுத்து வெடிச்சிடும்" என்றது அச்சு.

கழுத்து வெடித்த கூடுகள் கீழே குப்பையில் கிடந்தன.

"அதுங்க எல்லாம் பேசினதாலயா வெடிச்சுதுங்க?"

அச்சு இறங்கியது. கூடு பல்லைக் கடித்துக்கொண்டது. கழுத்து ஒடுங்கியது, நல்லவேளை, வெடிக்கவில்லை. நீளம் அதிகம் என்று வாயையும் கொஞ்சம் சீவினார் பட்டறைக்காரர். பிறகு, பொருந்துகிறதா என்று பார்க்கத் துப்பாக்கியிடம் கொண்டுபோனார்.

"திரும்பு, அடிப்பக்கத்தைக் காட்டு" என்றது துப்பாக்கி. "இதென்ன, வேற வம்சத்துப் பேரு பொறிச்சிருக்கு! நீ எனக்குள்ள வரக் கூடாது."

"என் கழுத்தை நெரிச்சப்போ வம்சத்தை யாரும் கேக்கலையே, பெரியவரே! உங்க வம்சத்துல யாராவது இருந்தாக் கூப்பிடுங்க. நான் இப்பவே போயிடறேன்."

துப்பாக்கி சுற்றுமுற்றும் பார்த்தது. யாரும் இல்லை. பட்டறைக்காரர் கூட்டை உள்ளே தள்ளினார்.

"இடிக்குதே" என்று முனகியது துப்பாக்கி.

"அப்படியா? அச்சக்காவைக் கூப்பிடட்டுமா, உங்களையும் கொஞ்சம் சரிபண்ண?"

அதன் பிறகு எதுவும் இடிக்கவில்லை.