ஆளுக்கொரு பல்லக்கு

நீலாயதாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் காசிவிஸ்வநாதன் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். காரைக்குடியில் ஹரீஷ் நடத்தும் அந்தச் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் மெட்டுப் போட்ட பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடியவள் பூஜா. சிவகங்கையிலிருந்து அவர் மனைவியே தேடிப்பிடித்துக் கூட்டிவந்த பெண்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பாட்டைப் பற்றி நீலாயதாட்சி வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. குளிக்கும்போது அவர் ராகம் இழுத்தால் போதும், அடுப்படியில் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் எவ்வளவு ஏங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

போன வருஷம் வலையபட்டிக் கோயில் விழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டி, 'பல்லக்கு ஏறி வந்தவளே' என்ற அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியவர் அவர்தான். விழாக் குழு அதை இணையத்தில் போட்டுவிட்டது. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதல் வரியைச் சொல்லி, போனில் தேடச் சொல்லி, முழுசாகக் கேட்க வைத்துத்தான் அனுப்புவார். அவருக்குத் தெரிந்த இணையம் அவ்வளவுதான். மகள் சௌபர்ணிகாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும்கூடக் கேட்டுவிட்டுத்தான் போயின. ஊருக்குப் போனபிறகு ஜாதகம் சரியாக அமையவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

அதற்கப்புறம் நீலாயதாட்சிக்கு என்ன ஆயிற்றோ, அந்தப் பாட்டை ஆள் மாற்றி ஆள் பாடவைத்து வெளியிட ஆரம்பித்தாள். கத்தரிக்காய்க்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவள், பாடுகிறவர்கள் கேட்டதைக் கொடுத்தாள். மருது அதைக் கானாவாக்கினான். ஜனனி தாலாட்டுப்போல இழுத்தாள். மானகிரி பேண்டு வாத்தியக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு ஆகிறமாதிரி முழக்கினார்கள். பஜனைக் கோஷ்டி ஒன்று நாலு வார்த்தையை மாற்றி, பல்லக்கில் அம்மனையே ஏற்றிவிட்டது.

ஒருத்தருக்கும் இரண்டாவது வரியில் அவர் கொடுக்கிற அந்த வளைவு வரவில்லை. அவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து பாடிக் காட்டுவார். ஹரீஷ் ஓடிவந்து மைக்கை அணைப்பான்.

பூஜா பாடியது போன வாரம் வெளியாகி, இப்போது பார்க்கிறவர் போனிலெல்லாம் அதுதான். எப்படிப் போகிறது என்று விசாரிக்கத்தான் இன்று இருவரும் வந்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. அதற்கு மேல் காசிவிஸ்வநாதனால் அடக்க முடியவில்லை.

"நீலா, எம் பாட்டு மேல ஒனக்கு இம்புட்டுப் பிரியமா?"

அவள் ஹரீஷின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். அவருக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஹரீஷ் திரையை விரலால் தள்ளினான். தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"ஆச்சி, இப்பத் தேடுனா மத்தவுக பாடுனதுதான் வரிசையா வருது. ஐயா பாடுனது எங்க கெடக்குன்னே தெரியல."

காசிவிஸ்வநாதன் பதறிப்போய் எழுந்தார். நீலாயதாட்சி நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தன் போனை எடுத்து, யாரையோ அழைத்துச் சொன்னாள்:

"இனி நீங்க தாராளமாப் பொண்ணு பாக்க வரலாம்."