மச்சம் எந்தப் பக்கம்

பத்துப் பேர் விரித்துப் பார்த்த சேலை மெருகு குலைந்துபோகும் என்பது ஜவுளிக்கடை பிச்சையப்பன் நாற்பது வருடமாகக் கண்டது. அதனால் செத்துப்போன மனைவி கோமுவின் ஒரே படத்தைச் செல்போனில் வெள்ளிக்கிழமைக்கு ஒருதரம்தான் திறப்பார். திறந்த கையோடு கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவார், கன்னத்து வியர்வையை அழிப்பார், சேமித்து மூடிவிடுவார். இரண்டே வருடத்தில் முகம் மாவாகக் குழம்பி, தாடை மச்சமும் காணாமல் போயிற்று.

“பாத்தா தேயாது அண்ணாச்சி,” என்றாள் போட்டோ ஸ்டூடியோ ரெஜினா, அவர் நீட்டிய போனைப் பார்த்துவிட்டு. “வாராவாரம் திருத்தித் திருத்திச் சேமிச்சீயள்லா, அதுலதான் கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டு.”

“அப்ப மொதப் படம்?”

“அதுக்கு மேலயேதான சேமிச்சிருக்கீய.”

பார்ப்பதில் கஞ்சத்தனமும் அழகுபடுத்துவதில் தாராளமுமாக இப்படியொரு தலைகீழ் வியாபாரத்தை அவர் செய்ததே இல்லை.

“சரி, மச்சத்தையாவது வச்சுத் தாறேன். எந்தப் பக்கம்?”

இதென்ன கேள்வி என்று விரலைத் தன் இடது தாடைக்குக் கொண்டுபோனார். எதிரே நிற்கும் கோமுவுக்கு அது வலதல்லவா? விரல் வலப்பக்கம் நகர்ந்தது. மறுபடி திரும்பியது.

“முப்பது வருசம் பாத்த முகந்தான அண்ணாச்சி?”

விரல் மோவாயின் நடுவில் நின்றுவிட்டது.