கை மாறிய கம்பளி

“அடியே அழகுத்தாய், உன்னைய நல்லா ஏமாத்திப்புட்டான்டி!”

மலையேறி வந்து போடிமெட்டுச் சாவடியில் பொதியை அவிழ்த்ததும் சுருளியம்மாள் போட்ட சத்தத்தில், அழகுத்தாயின் கையில் இருந்த பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

அழகுத்தாய் பார்த்தாள். காலையில் முந்தல் அடிவாரத்தில் வாங்கியது புத்தம்புதுக் கம்பளி. பொதிக்குள் இருந்ததோ வெளுத்துப்போன பழசு. ஓரத்தில் தையல் வேறு.

“மடிச்சுக் கட்டுறப்ப நீ பாக்கலையா?” என்றான் புருஷன் பெரியமுத்து.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவன் அந்தப் பக்கம் மூட்டை தூக்கப் போன நேரத்தில்தான் கம்பளிக்காரன் மடித்துக் கட்டினான். அந்நிய ஆம்பளையிடம், கட்டியதை அவிழ்த்துக் காட்டு என்று கேட்க அவளுக்கு வாய் ஏது?

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்கு இவர்கள் வேலைக்குப் போவது இதுதான் முதல் தடவை. கூட வந்த மதினி சுருளியம்மாளுக்கும் மலை புதுசு. மார்கழி மாதம். பிள்ளைக்கு நாலு மாசம். “மலைக்குளிர் பச்சைப் புள்ளையத்தான் முதல்ல தேடும். எதை விட்டாலும் நல்ல கம்பளி ஒண்ணு வாங்கிருங்க” என்று ஊரில் சொல்லாதவர் இல்லை.

பெரியமுத்து பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருந்ததிலேயே கனமானதை எடுத்தான்.

“தம்பி, சுமக்க லேசா, போத்த மெத்துன்னு இருக்கணும். அதுதான் மலைக்கு ஆகும். இதைத் தொட்டுப் பாருங்க” என்று கம்பளிக்காரன் பொம்மையன் தன் தோளில் கிடந்த பழசைக் காட்டினான்.

“கனமில்லாத கம்பளியில சூடு எங்கய்யா இருக்கும்? உன் பழசைத் தள்ளிவிட நான்தான் ஆப்பிட்டனா?”

பொம்மையன் பழசைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான்.

“தோள்ல கிடந்ததையே கட்டிக் குடுத்துட்டானே திருட்டுப்பய! இப்பவே இறங்கிப்போய் அவன் குடுமியப் பிடிக்கிறேன்” என்று இப்போது சாவடியில் குதித்தான் பெரியமுத்து.

“நீ இறங்கி ஏற விடிஞ்சிரும். பேசாம இரு.” சுருளியம்மாள் அதே கம்பளிக்காரனிடம் வாங்கிய தன் புதுக் கம்பளியைத் தடவிக்கொண்டாள். “வாயில்லாதவளா இருந்தா இப்பிடித்தான். என்கிட்ட மாத்தச் சொல்லு பாப்போம்!”

சொல்லி வாய் மூடவில்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கூடவே சாரல். சாவடிக்குச் சுவர் இரண்டு பக்கம்தான்.

கொஞ்ச நேரத்தில் சுருளியம்மாள் நெளிய ஆரம்பித்தாள். ஈரம் பட்டதும் புதுக் கம்பளி பிசுபிசுவென்று கழுத்தில் ஒட்டியது. நனைந்த சாக்கு மாதிரி தோளை அழுத்தியது.

அழகுத்தாய் வேறு வழியில்லாமல் பிள்ளையைப் பழசில் சுற்றி மார்போடு அணைத்தாள். சாரல் அதன்மேல் முத்து முத்தாக நின்று உதிர்ந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். கோழி அடைகாக்கிற சூடு. பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கிப்போனது.

அடிவாரத்திலிருந்து தோட்டத்துக்குக் கழுதைகளில் அரிசி ஏற்றிப்போகும் ஏசுரத்தினம் அந்நேரம் சாவடிக்குள் ஒதுங்கினான்.

“அண்ணே, திரும்பிப் போறப்ப அந்தக் கம்பளிக்காரத் திருடன்கிட்ட...” என்று ஆரம்பித்தான் பெரியமுத்து.

ஏசுரத்தினம் பிள்ளையை மூடியிருந்ததைத் தொட்டுப் பார்த்தான். “ஓ, இந்தப் புள்ளைதானா அது! ரெண்டு புதுசு தாரேன், இதைக் குடுன்னு மூணு வருசமா பொம்மையனைக் கேக்கிறேன், எனக்குத் தரலையே!”

“இந்தப் பழசுக்கா ரெண்டு புதுசு?”

“புதுசுல கனக்கிறது ரோமம் இல்ல தம்பி, புளியங்கொட்டைக் கஞ்சி. நெய்யிறப்ப விறைப்பா நிக்கப் போடுறது. நனைஞ்சா, இந்தா, அக்கா படுற பாடுதான். வருசக்கணக்கா அலசி அலசிப் போத்துனாத்தான் கஞ்சி போய் லேசாகும், சூடும் பிடிக்கும்.”

சுருளியம்மாள் மெல்ல நகர்ந்து வந்தாள். “அழகு, வேணும்னா என் புதுசை நீ வச்சுக்கடி. என் தங்கம் எதுக்குப் பழசுல கிடக்கணும்? அதை இங்க குடு.”

அன்றைக்கு முதல் தடவையாக அழகுத்தாய் வாய் திறந்தாள். “தரமாட்டேன், மதினி.”

பிறகு அடிவாரம் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்தாள். பனியில் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பெரியமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “இருந்தாலும் அந்த மனுசன் சொல்லிட்டே குடுத்திருக்கலாமே, அண்ணே?”

“வர்றப்ப நானும் அவன்கிட்ட அதையேதான் கேட்டேன். நீ வாங்குன கஞ்சிக் கம்பளியப் போத்திக்கிட்டு மேலெல்லாம் சொறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கான். ‘சொன்னேன், நம்பலை. மெட்டு ஏறி அவுத்துப் பாத்துட்டுத் திருடன்னு திட்டுவாங்க, திட்டட்டுமே. தூங்குற புள்ளைக்கு அது கேக்கவா போகுது?’ன்னான்.”