சந்தேகம் சார்

"முதல்ல அந்தச் சந்தேகம் சாரைக் குழுவை விட்டு எடுக்கணும். இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்!"

டீச்சர் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். வேலை என்னவோ வங்கியில்தான். ஆனால் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிற இணையக் குழுவில் அவள் டீச்சர். அங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பெடுப்பது இவள். இன்றைய வகுப்பு இப்போதுதான் முடிந்திருந்தது.

பக்கத்து அறையில் 'பட்'டென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு 'பட்'. கதவைத் திறந்துகொண்டு கணவர் வந்தார், சட்டையெல்லாம் வேர்வை.

"கொசு அடிச்சு முடிச்சாச்சா? ஃபேனைப் போட்டா அதுவே ஓடிடும். இதுகூடவா நான் சொல்லித் தரணும்?"

"போடறேன், போடறேன். யார் மேல இவ்வளவு கோபம்?"

"ரிட்டயர்டான ரயில் டிரைவர் ஒருத்தர். குழுவுல பழைய ஆள். இன்னும் புதுசா வர்றவங்க வகுப்புல வந்து உக்காந்துக்கிட்டு, மைக்கை எங்க வைக்கணும்னு கேக்கறார்!"

"தெரியலேன்னா கேட்டுத்தானே ஆகணும்?"

"படிக்கறப்ப தப்பு வந்தா ஒரு தடவை கை தட்டிட்டு மறுபடி படிங்க, அப்பதான் வெட்டி ஒட்டறவங்களுக்கு இடம் தெரியும்னு சொன்னேன். அதுக்கு, 'தட்டினப்புறம் விட்ட இடத்துலேர்ந்தா, வரியை முதல்லேர்ந்தா'ன்னு கேக்கறார். குறிப்புல இருக்கு, படிச்சுப் பாருங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். மத்தவங்க எல்லாம் கேமராவை அணைச்சுட்டு, வாயே திறக்காம எவ்வளவு சமத்தாக் கேக்கறாங்க!"

"அவரை எடுத்துடாதேம்மா, பாவம்."

"உங்களுக்கென்ன அவர் மேல அவ்வளவு கரிசனம்?"

கணவர் அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் கையோடு சந்தேகம் சாருக்குப் போன் போட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த வேலை உங்களுக்குச் சரிப்பட்டு வரலைன்னு நினைக்கிறேன்."

"தாராளமா எடுத்துடுங்க டீச்சரம்மா. ஆனா என் இடத்துல வேற யாரையாவது கேள்வி கேக்கச் சொல்லுங்க. நான் படிச்சு அனுப்பினது எதுவாவது சரியில்லைன்னு திரும்பி வந்திருக்கா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட வந்ததில்லை.

"அப்புறம் எதுக்கு சார் இந்தக் கேள்வியெல்லாம்?"

"புதுசா வர்றவங்களுக்கு உங்களைக் கண்டாக் கொஞ்சம் உதறல். அசட்டுத்தனமாக் கேட்டு வாங்கிக் கட்டிக்க வேண்டாமேன்னு எனக்குத் தனியா எழுதுவாங்க. அதை நான் என் சந்தேகமாக் கேட்டுடுவேன். திட்டு எனக்கு, பதில் அவங்களுக்கு. எனக்கென்ன, ரயில்ல கேக்காத திட்டா!"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"என்னைக் கண்டு பயமா? இன்னிக்குக் கேட்டது யாரு சார்?"

"பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நல்ல மனுஷன். ஒரு பாடத்தையாவது உருப்படியா முடிச்சுட்டுத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இருக்கார். பதிலை நானே சொன்னேன். 'இல்ல சார், அவங்க வாயால வரட்டும்'ங்கறார். பாவம், சத்தம் பதிவாயிடுமேன்னு ஃபேனைக்கூட அணைச்சுட்டு, வேர்வையில குளிச்சுக்கிட்டுப் படிக்கிறார்..."

பக்கத்து அறையில் 'பட்'.

டீச்சர் அந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், நீங்க எங்கயும் போக வேண்டாம். அடுத்த ஞாயிறு வகுப்பை நீங்கதான் எடுக்கறீங்க" என்று வைத்துவிட்டு எழுந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கதவைத் தட்டக் கையை ஓங்கியவள், பதிவு கெட்டுவிடுமே என்று நிறுத்திக்கொண்டாள். மறுபடி 'பட்' என்று கேட்கும்வரை அங்கேயே காத்து நின்றாள்.

கேட்டது. கதவில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்:

"வரியை முதல்லேர்ந்து படிங்க."