சிவப்பு ஸ்டிக்கர்

பாத்திரக் கூடையில் இரண்டு பால் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர் பாதி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், காபியின் கடைசி மடக்கு அவள் தொண்டையில் நின்றது.

"காபி எப்படி?" என்றான் கணவன். இன்று அவனுக்கு வார விடுமுறை. காபி அவன் கைவேலை.

"நல்லாருக்கு. இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள், பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவன் சட்டென்று திரும்பி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

உள்ளே நான்கு மாதக் குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பால் குடுத்தாச்சா?"

"ஆறு மணிக்கே ஆச்சு. ஒரே மூச்சுல குடிச்சுட்டுப் படுத்ததுதான். மணி பத்தாகப் போகுது, இன்னும் கண்ணைத் திறக்கலை பாரு. சமர்த்து!"

எந்தப் பாட்டில் என்று கேட்க வாயெடுத்தாள். 'ஏன் கேக்கறே?' என்று வருமே! வாயை மூடிக்கொண்டாள்.

நேற்று மதியம் அலுவலகத்தில் மேலாளருக்கு வழியனுப்பு விருந்து. ஒரு வருஷமாக எதையும் தொடாதவள், ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்து இரண்டு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மார்பு கனத்தது. பாலை எடுத்துக் கொட்டிவிடலாம் என்றால், மாமியார் சிங்க்கை விட்டு நகரவில்லை.

காலையில் யாரும் எழுமுன் கொட்டிவிடலாம் என்று பாட்டிலில் ஊற்றி, அடையாளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் தள்ளினாள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். மாமியார் வந்து நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டபோது மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். காலையில் எழுந்ததே ஒன்பதரைக்கு.

அந்த ஸ்டிக்கர்தான் வினை. கணவன் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். அன்றோடு தேதி முடிகிற தயிர், வெண்ணெய் எல்லாவற்றிலும் சிவப்பு ஒட்டுவது அவன் வேலை. விற்காமல் நின்றது வீட்டுக்கு வரும். 'சிவப்பை முதல்ல காலி பண்ணுங்க' என்பது இந்த வீட்டுச் சட்டம். தொடாதே என்று சொல்ல இந்த வீட்டில் போய்ச் சிவப்பையா ஒட்டுவாள் ஒருத்தி?

குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். அது உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடி தூங்கியது.

"டாக்டர்கிட்ட போகணும். இப்பவே."

"தூங்கற குழந்தையை யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்களா?" என்றான் கணவன்.

"நீங்க வரீங்களா, நான் போகட்டுமா?"

"இருங்க, நானும் வரேன்" என்று மாமியார் செருப்பை மாட்டினார். "வரும்போது பால் வாங்கணும்டா. நேத்தே தீர்ந்துபோச்சு."

டாக்டரம்மா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். வீல் என்று ஒரு கத்தல். அறை அதிர்ந்தது.

"குரலைப் பாரு! ராத்திரி தூங்கினானா?"

"எங்கே! மூணு மணி வரைக்கும் என்னோட ஒரே விளையாட்டு" என்றார் மாமியார்.

"அந்தத் தூக்கத்தைத்தான் இப்பத் தூங்கறான். நல்லாத்தானே இருக்கான். உனக்கு என்னம்மா பயம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "அத்தை, நீங்க கொஞ்சம் வெளியே..."

"நான் எதுக்கு வெளியே? என் பேரன்."

ஓட வழியில்லை. சொல்லிவிட்டாள். விருந்து, இரண்டு கிளாஸ், வந்ததும் எடுத்த பால், சிவப்பு ஸ்டிக்கர், கழுவி வைத்திருந்த பாட்டில். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து, கடைசி வார்த்தை புடவைத் தலைப்புக்குள் போய்விட்டது.

"தலைவலின்னியே" என்றார் மாமியார் மெதுவாக. "நான் தைலம் வேற தேய்ச்சுவிட்டேன்."

அதற்கு ஓர் அறை வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"கிளாஸுக்கு ரெண்டு மணி நேரமாவது விட்டுட்டுத்தான் பால் குடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. "வந்ததும் எடுத்ததைக் கொட்டியிருக்கணும். எடுத்து வெச்சா அதுல இருக்கறது எங்கேயும் போகாது." மாமியார் பக்கம் திரும்பினார். "நீங்க சிவப்பு ஒட்டினதையா குடுத்தீங்க?"

"சிவப்பா? இல்லையே! முன்னாடி இருந்த பாட்டிலைத்தான் எடுத்தேன். அதுல ஒண்ணும் ஒட்டலை. பின்னாடி இன்னொண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது."

அவள் நிமிர்ந்தாள். போன உயிர் பாதி திரும்பியது.

"அப்ப அந்த இன்னொரு பாட்டில் எங்கே போச்சு?" என்றார் டாக்டரம்மா.

கணவன் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"டேய்!" என்றார் மாமியார்.

"வீட்டுல சொட்டுப் பால் இல்லை. சிவப்பு வேற ஒட்டியிருந்துது. இன்னிக்கு விட்டா வீணாப் போயிடுமேன்னு..." அவன் திரும்பவே இல்லை. "யாருக்கும் தெரிய வேண்டாம்னு நான்தான் கழுவி வெச்சேன்."

"வீணாப் போயிடுமேன்னு?" என்றாள் அவள்.

"காபி நல்லாருக்குன்னு நீதானே சொன்னே?"