கதவு சாத்தின பிறகு

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மைக்கின் முன்னால், இசையமைப்பாளரின் மனைவி நிற்கிறாள். பாடுகிறவர்களுக்குப் படத்தைக் காட்டுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. காதில் தாளக் கணக்கு டிக் டிக்கென்று ஓடினால் போதும் என்பார். இன்றைக்கு என்னவோ திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். திரையில் ஒரு தாய் காலித் தொட்டிலை ஓர் அறைக்குள் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் ஹம்மிங் பாடி முடிக்கிறாள். "சுத்தமா இருக்கு. உயிர்தான் இல்ல," என்று ஹெட்போனுக்குள் கணவரின் குரல் கொஞ்சுகிற மாதிரி வருகிறது. "நம்ம பாப்பாவ நெனச்சுக்கோ." ஒலிப்பதிவாளர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, தேவையே இல்லாமல் ஒரு குமிழைத் திருகுகிறார். பாப்பா இறந்துபோய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மறுபடி விளக்கு எரிகிறது. மெட்டு பாதியில் உடைய, அவள் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு விம்முகிறாள். அந்தப் பக்கம் அவர் மேசையில் விரலால் தாளம் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "அழுகை அருமை. ஆனா முந்திக்கிச்சு. கதவு சாத்தினப்புறம்தான் வரணும். இன்னொரு தடவை போலாமா?" அவள் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். டிக் டிக். தாய் நடக்கிறாள், தொட்டில் ஆடுகிறது, கதவு சாத்திக்கொள்கிறது. அந்த இடத்தில், இம்மி பிசகாமல், அதே விம்மல் வந்து விழுகிறது. "இதேதாம்மா! இதேதான்!" என்று அவர் துள்ளி எழுகிறார். அவள் கண்ணில் பொட்டு ஈரம்கூட இல்லை. "க்ளைமாக்ஸுக்கும் வேணுமா?" என்று கேட்கிறாள். "இன்னும் பெருசா தர்றேன்."